முப்பத்தொன்றாம் விதி

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நிற்கிறது. அதன் கூரைமேல், கம்பிக் கயிறுகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார் புள்ளிக்காரர். கீழே தரைத்தளத்தில் ஓர் அம்மாள் கதவைப் படபடவென்று தட்டுகிறாள்.

"என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம்? மூட்டு வலியோட நிக்கறேன்!"

"ரெண்டே நிமிஷம்மா! கயிறு பாத்துக்கிட்டிருக்கேன்!"

கயிறு பார்த்து முடித்து அரை மணி நேரம் ஆகிறது. இப்போது அவர் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. சதுரங்கத்தில் இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டுப் போன பிறகு, ராஜா பலகையின் நடுவுக்கு வந்து நின்றால் அதற்குப் பதினைந்து புள்ளி தருவதா, இருபது தருவதா? யோசித்துப் பதினெட்டு என்று எழுதுகிறார். தேதி போடுகிறார். ‘லிஃப்ட் கூரை, 3-4 மாடி நடுவே’ என்று இடத்தையும் குறித்துக்கொள்கிறார். அதற்கு அப்புறம்தான் அந்த அம்மாளுக்கு லிஃப்ட் கிடைக்கிறது.

இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்து மூன்று லிஃப்டுகள் அவர் பொறுப்பில் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் குணமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "ஆஸ்பத்திரி லிஃப்ட் இருக்கே, அது அழுத்தக்காரி. ரெண்டாவது மாடியில கதவ மூடச் சொன்னா முதல்ல யோசிக்கும், அப்புறம்தான் மூடும்" என்பார். கட்டுப்பாட்டுப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். கேட்டுக் கேட்டே அவருடைய வலது காது இடதைவிடக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது என்பது அவர் மனைவியின் கண்டுபிடிப்பு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால் போதும், வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஓடுவார்.

புள்ளிக்காரர் என்ற பெயர் சதுரங்க மன்றத்தில் விழுந்தது. ஒரு சிப்பாய்க்கு நூறு புள்ளி என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எடை போடுவது கம்ப்யூட்டர் சதுரங்கக்காரர்களின் வழக்கம். இவர் அதைப் பலகையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பஸ் தாமதமானால் "மைனஸ் இருபது". ஜன்னலோரம் இடம் கிடைத்தால் "ப்ளஸ் பதினஞ்சு". ஒருநாள் காலையில் காப்பியை வாயில் வைத்துவிட்டு, "சர்க்கரை கம்மி, மைனஸ் பத்து" என்று சொல்லியிருக்கிறார். "எழுந்து போய்ப் போட்டுக்குங்க, ப்ளஸ் இருபது" என்றாள் மனைவி. மன்றத்தின் செயலாளர் ஒரு மருந்துக்கடைக்காரர். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். "ஊர்ல பெரும்புள்ளிங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. நம்மாளு சில்லறைப் புள்ளி" என்று அவர்தான் பரப்பிவிட்டார்.

வீட்டில் இரண்டாவது அறை முழுக்கப் ‘பொறுமை’க்குத்தான். ‘பொறுமை’ என்பது அவர் எழுதிய சதுரங்க நிரல். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அது எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து அவர் தங்கை வைத்த பெயர் அது. துணி காயப்போடும் கொடிக்குக் கீழே மேசை, மேசைமேல் பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் மரப்பலகையும் காய்களும். முன்னால் இரண்டு நாற்காலிகள். இரண்டாவது நாற்காலிமேல் இப்போது மடிக்காத துணி குவிந்து கிடக்கிறது.

கம்ப்யூட்டர் சதுரங்கம் ஆடுவதில் பெரிய மாயம் எதுவும் இல்லை. நான் இங்கே போனால் அவன் எங்கே போவான், அவன் அங்கே போனால் நான் என்ன செய்வேன் என்று அது படிப்படியாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு படியிலும் சுமார் முப்பது கிளைகள் பிரியும். நாலு படி இறங்குவதற்குள் எட்டு லட்சம் நிலைகள். அடேயப்பா என்று ஆகிவிடும். எங்கேயோ ஓர் இடத்தில் நின்று, இந்த நிலை நமக்கு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அந்தத் தீர்ப்பைச் சொல்லத்தான் புள்ளிக்காரரின் விதிகள். ஓரத்தில் நிற்கும் குதிரைக்கு இவ்வளவு குறை, துணையில்லாத சிப்பாய்க்கு இவ்வளவு குறை, காலியான வரிசையில் நிற்கும் யானைக்கு இவ்வளவு கூடுதல். சங்கடம் என்னவென்றால், விதிகள் கூடக் கூடத் தீர்ப்புக்கு நேரம் பிடிக்கும். தீர்ப்புக்கு நேரம் பிடித்தால் ஆழம் போக முடியாது. ஆழம் வேண்டுமா, அறிவு வேண்டுமா என்று இந்த வேலையில் இறங்கிய ஒவ்வொருவனும் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இதுதான்.

புள்ளிக்காரருக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை. அவர் அறிவின் பக்கம். ஆழத்தின் பக்கம் நின்றவர் அவருடைய மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன்.

மாப்பிள்ளை ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். எண்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே பேப்பரைப் போட்டு, கத்தியை ஓட்டினால் கைக்குட்டை அளவுகூட வீணாகாது. துணியில் எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போடத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைக் கற்றுக்கொண்ட கையோடு நிரல் எழுதவும் தானாகவே கற்றுக்கொண்டவர். அங்கே சரக்கு லிஃப்ட் பழுது பார்க்கப் போன புள்ளிக்காரர், மதிய இடைவேளையில் இவர் தனியாகச் சதுரங்கம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து எதிரே உட்கார்ந்தார். நாலு மாதம் ஆட்டம் நடந்தது. ஐந்தாவது மாதம் தங்கையைக் கொடுத்துவிட்டார். "இவர் வீட்டுக்கு வந்தது என்னைப் பாக்கவா, உன்கூட ஆடவான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலண்ணா" என்று தங்கை அப்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஐந்து வருஷம், சனிக்கிழமைதோறும், அந்த இரண்டு நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. தீர்ப்பு விதிகளை மச்சான் எழுதுவார். தேடும் பகுதியை மாப்பிள்ளை எழுதுவார். ஒருவர் பக்கத்தில் மற்றவர் கை வைப்பதில்லை. யாரும் பேசி வைத்துக்கொண்டதல்ல, அப்படி அமைந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"இத்தன விதி எதுக்கு மச்சான்? வேண்டாத கிளைய வெட்டிட்டு ரெண்டு படி கூட எறங்கிப் பாத்தா, நீங்க எழுதினதெல்லாம் அதுக்குத் தானாவே தெரிஞ்சுட்டுப் போகுது."

"எத்தன படி எறங்கினா என்ன மாப்ள? எறங்கி நின்ன எடத்துல எது நல்லது எது கெட்டதுன்னு தெரியலன்னா, கண்ணு தெரியாதவன் மாடி ஏறின கதைதான்."

"அடுத்த படியில தெரிஞ்சுடும்."

"அடுத்த படிக்கு அப்புறமும் ஒரு படி இருக்குதே!"

இப்படியே தேநீர் ஆறிப்போகும். உண்மையில் இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அந்தத் தகராறில்தான் ‘பொறுமை’ வளர்ந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நிரல்களுக்கு என்று ஆண்டுதோறும் நடக்கிற போட்டியில், ‘பொறுமை’ முதல் தடவையாகக் கடைசி ஆட்டத்துக்குப் போயிற்று. எதிரே ஒரு பல் டாக்டர் எழுதிய நிரல். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு புது வெட்டு கொண்டுவந்தார். பார்த்த மாத்திரத்தில் உருப்படாது என்று தெரிகிற கிளைகளைப் பாதியிலேயே கைவிட்டுவிடும் வெட்டு. ஓட்டிப் பார்த்தார்கள். அதே நேரத்துக்குள் இரண்டு படி கூடுதலாக இறங்கிற்று. "சரி, போடு" என்றார் புள்ளிக்காரர். அவர் சொன்னதுதான், வேறு யாரும் சொல்லவில்லை.

நூலக மாடியில் இருந்த கூடத்தில் ஆட்டம். பெரிய திரை. ‘பொறுமை’க்குக் கறுப்புக் காய்கள். பத்தாவது நகர்த்தலுக்குள் ராஜாவுக்கு ‘செக்’ வந்து அது நகர வேண்டியதாகி, ராஜாவும் யானையும் ஒருசேர இடம் மாறிக்கொள்ளும் கோட்டை கட்டுகிற வாய்ப்பு போய்விட்டது. அது பெரிய குற்றமில்லை, சமாளிக்கலாம். பதினெட்டாவது நகர்த்தலில்தான் விபரீதம். கறுப்பு ராஜா தானாகவே ஒரு கட்டம் நடந்து போய், மூலையில் இருந்த தன் சொந்த யானையின் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். நாற்பத்தோராவது நகர்த்தலில் ஆட்டம் தோற்கும்வரை அந்த யானை ஒரு கட்டம்கூட வெளியே வரவில்லை. "யானைக்கு இன்னிக்கு லீவா?" என்று பின்வரிசையில் எவனோ கேட்டான். கூடமே சிரித்தது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு தரப்பையும் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். பல் டாக்டர் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசினார். மருந்துக்கடைக்காரர் புள்ளிக்காரரிடம், "அந்த யானைக்கு என்னங்க ஆச்சு?" என்றார். புள்ளிக்காரருக்குக் காது மடல் வரை சிவந்திருந்தது.

"என் விதியில எல்லாம் சரியாத்தான் இருக்கு. நேத்து சாயங்காலம் ஒரு வெட்டு போட்டாங்க. நல்ல வழி எல்லாம் அந்த வெட்டுல போயிடுச்சு. துணி வெட்டறவன் கையில கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மூன்றாவது வரிசையில் தங்கை, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை மேடையில் கிடந்த வயர்களை ஒவ்வொன்றாகச் சுற்றினார். ரப்பர் போட்டார். மச்சானின் பைக்குள் வைத்துவிட்டு, கீழே இறங்கி, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை.

யாரும் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. இவர் போகவில்லை, அவர்கள் கூப்பிடவில்லை. அவ்வளவுதான், ஒரு வீடு அடைபட்டுப் போயிற்று. தங்கை மட்டும் புதன்கிழமை மத்தியானம், புருஷன் வேலையில் இருக்கும் நேரத்தில், அரை மணி நேரம் வந்து அண்ணியோடு பேசிவிட்டுப் போவாள். தங்கையின் மகளான மருமகள் பள்ளிக்கூடம் மாறியதையே மாமாக்காரர் எட்டு மாதம் கழித்து, யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். ஒருதடவை தங்கை வாய்விட்டே சொன்னாள்.

"அவர் சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லண்ணா. ‘என்னாலதான் தோத்துச்சு’ன்னு சொல்லி எல்லாத்தையும் மூட்ட கட்டி மேல போட்டுட்டார். பேப்பர்ல சதுரங்கக் கட்டம் வந்தாக்கூடப் பக்கத்தத் திருப்பிடறார். சனிக்கிழமையானா என்ன பண்றதுன்னே தெரியாம வீட்டச் சுத்திச் சுத்தி வர்றார்."

அன்றைக்கு இவர் மனசுக்குள் என்ன நினைத்தார் தெரியுமா? ‘போகட்டும், செஞ்சது தப்புன்னு புரிஞ்சிருக்கே’ என்று நினைத்தார். பாவி மனுஷன், ஒரு திருப்திகூடப் பட்டுக்கொண்டார். இன்றைக்கு அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

தனியாகவே ‘பொறுமை’யை வளர்த்தார். ஐம்பத்தெட்டாக இருந்த விதிகள் இருநூற்றுப் பன்னிரண்டு ஆயின. தேடும் பகுதியில் மாப்பிள்ளை எழுதிய அந்தக் கடைசி வெட்டை மட்டும் எடுத்தெறிந்தார். மற்றதைத் தொடத் தெரியவில்லை, விட்டுவிட்டார். ‘பொறுமை’ பெயருக்கேற்றபடி மெதுவாகி, போட்டிகளில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தது. அப்போதும் அவர் அசரவில்லை. இன்னும் பத்து விதி போட்டால் சரியாகிவிடும் என்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசியில், ஒரு விடுமுறை நாள் மத்தியானம். வெளியே மழை மூட்டம், அறையில் வெளிச்சம் கம்மி. பத்திரிகையில் வந்த ஒரு நிலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ‘பொறுமை’ ஒரு புள்ளி சொல்லிற்று. பிறகுதான் கவனித்தார், அரைவெளிச்சத்தில் வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மாற்றி ஏற்றிவிட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே சரியாக மறுபடி ஏற்றினார். பலகையை அப்படியே திருப்பி நிறம் மாற்றினால் நிலை மாறப்போவதில்லை. வெள்ளைக்கு நாற்பது நல்லது என்றால், நிறம் மாறினால் கறுப்புக்கு அதே நாற்பது நல்லது. ஆனால் ‘பொறுமை’ சொன்ன இரண்டு எண்களுக்கும் நடுவே நூற்றறுபது புள்ளி வித்தியாசம் இருந்தது.

மறுபடி ஏற்றினார். அதே நூற்றறுபது. இருநூற்றுப் பன்னிரண்டு விதிகளையும் ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். முப்பத்தொன்றாம் விதியை அணைத்ததும் வித்தியாசம் காணாமல் போயிற்று.

முப்பத்தொன்றாம் விதி அடைபட்ட யானையைப் பற்றியது. ராஜா வழியில் உட்கார்ந்து யானையை மூலையில் அடைத்துவிட்டால் எண்பது புள்ளி குறை. வெள்ளைக்கு அப்படித்தான் எழுதியிருந்தது. கறுப்புக்கு எழுதிய வரியில் கழித்தலுக்குப் பதிலாகக் கூட்டல் இருந்தது. கறுப்பு யானை அடைபட்டால் எண்பது புள்ளி கூடுதல்! அதாவது கறுப்பில் ஆடும்போதெல்லாம், தன் யானையைத் தானே மூலையில் பூட்டிவைப்பது மகா நல்ல காரியம் என்று ‘பொறுமை’க்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கோட்டை கட்டிவிட்டால் அந்த விதிக்கு வேலை வராது. அதனால்தான் இத்தனை வருஷம் வெளியே தெரியவில்லை. நோட்டைப் புரட்டினார், அங்கேயும் அதே கூட்டல். ஓரத்தில் தேதி இருந்தது. இடம் இருந்தது. ‘நீதிமன்றக் கட்டடம், மோட்டார் அறை.’ எல்லாம் அவர் கையெழுத்து.

பழைய ஆட்டத்தை எடுத்தார். எடுத்தெறிந்த அந்த வெட்டு நோட்டில் இருந்தது. அதை மறுபடி சேர்த்து, முப்பத்தொன்றாம் விதியை மட்டும் திருத்தி, பதினெட்டாவது நகர்த்தலில் நிறுத்தினார். ராஜா வேறு பக்கம் நகர்ந்தது. யானை வெளியே வந்தது. பிறகு விதியைப் பழையபடி தப்பாக வைத்து, வெட்டை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினார். ராஜா நேராகப் போய் யானையின் வழியில் உட்கார்ந்தது. வெட்டு இருந்தாலும் அதே கதி, இல்லாவிட்டாலும் அதே கதி. கடைசியாக, வெட்டோடு இன்னும் ஒரே ஒரு படி இறங்கிப் பார்க்க விட்டார். அந்த ஒரு படியில், அவருடைய தப்பான விதியையும் மீறி, அது ஆபத்தைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டது.

அன்றைக்கே ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. வாய் கிழியப் பேசியவருக்கு வாய் திறக்கப் பதினாலு மாதம் போதவில்லை. மூன்று தடவை மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனை வரை போனார். ஒருதடவை மழை வரும் போலிருந்தது. ஒருதடவை போன் வந்தது. ஒருதடவை ஒரு காரணமும் இல்லை, திரும்பிவிட்டார். புதன்கிழமைகளில் தங்கை வந்தால், எந்த லிஃப்டிலோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார். எதற்கெடுத்தாலும் புள்ளி போடுகிற மனுஷன், புள்ளி போடுவதையே குறைத்துக்கொண்டார்.

மனைவிக்கு ஒரு மாதத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. அவளிடம் எதை மறைக்க முடியும்? தெரிந்த நாளிலிருந்து ஓயவில்லை.

"லிஃப்ட்ல முன்னப்பின்ன தெரியாதவங்க மாட்டினாக்கூட, சாப்பாட்டப் போட்டுட்டு ஓடறீங்க. அங்க அந்த மனுஷன் எத்தன வருஷமா மாட்டிக்கிட்டு நிக்கறார்?"

"சொல்றேன், சொல்றேன். நேரம் பாத்துச் சொல்றேன்."

"நீங்க நேரம் பாத்துக்கிட்டே இருங்க. அவருக்கு வயசாகிக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் துணி எடுக்கப் போய்விட்டாள்.

நேரத்தை மருந்துக்கடைக்காரர் கொண்டுவந்தார். மன்றத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறது, மலர் போடுகிறார்கள். லிஃப்ட் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த புள்ளிக்காரரைக் கடைக்குள் கூப்பிட்டு, அச்சுக்குப் போகும் பக்கத்தின் படி ஒன்றை நீட்டினார். அந்தப் பழைய கடைசி ஆட்டத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம். நடுவில் இப்படி இருந்தது: ‘ஆழமாகத் தேட வேண்டும் என்ற ஆசையில் இளையவர் போட்ட கண்மூடித்தனமான வெட்டில், மூத்தவரின் ஐந்து வருஷ உழைப்பு வீணாயிற்று.’

"பழைய கதைதானே, எல்லாருக்கும் தெரிஞ்சது. எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுங்க. திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது. ஐந்நூறு படி போடறோம்" என்றார் மருந்துக்கடைக்காரர், இருமல் மருந்தைப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டே.

அந்த ஐந்நூறில் ஒன்று மருமகளின் கைக்கும் போகும். அவளுக்கு இப்போது பதினோரு வயசு, எதையும் எழுத்துக் கூட்டாமல் படிப்பவள். புள்ளிக்காரர் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் அது மேசைமேல் கிடந்தது. சனிக்கிழமை சாப்பிட்டு எழுந்ததும், அந்த வாக்கியத்தை ஒரே கோடாக அடித்தார். ஓரத்தில் எழுதினார்: ‘யானையை அடைத்தது என்னுடைய விதியில் இருந்த பிழை. வெட்டு சரியாகவே இருந்தது. அன்று மேடையில் நான் சொன்னது பொய். சொன்ன விதமும் அசிங்கம்.’ முப்பத்தொன்றாம் விதி இருந்த நோட்டுப் பக்கத்தையும் கிழித்து எடுத்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறார் என்று மனைவி கேட்கவில்லை.

கதவைத் திறந்தது தங்கை. "அண்ணா!" என்றவள் உடனே திரும்பி உள்ளே பார்த்தாள். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒரு முக்காலியின் ஆடும் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. சுத்தியலை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க மச்சான். உக்காருங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் புள்ளிக்காரருக்கு, நீ என்பதா, நீங்க என்பதா என்றுகூடத் தெரியவில்லை. உட்காரவும் இல்லை. இரண்டு தாள்களையும் நீட்டினார்.

மாப்பிள்ளை முதலில் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தார். துணியில் கோடு பார்க்கிற மாதிரி விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"வெள்ளைக்கு மைனஸ்… கறுப்புக்கு ப்ளஸ்."

"ஆமா."

"இது யாரு எழுதினது?"

"நான்தான். தேதி போட்டிருக்கு பாரு. எல்லாம் என் தப்பு மாப்ள. உன் வெட்ட எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன், அப்பவும் ராஜா அங்கதான் போய் உக்காருது. வெட்ட வச்சுக்கிட்டு இந்தக் குறிய மட்டும் மாத்தினேன், யானை வெளிய வந்துருது. இன்னும் ஒரே ஒரு படி எறங்கியிருந்தா, நான் சொல்லிக் குடுத்த தப்பையும் தாண்டி அதுவே கண்டுபிடிச்சிருக்கும். நீ சொன்ன மாதிரியேதான்."

மாப்பிள்ளை அந்த வரியை மறுபடி படித்தார்.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

இதற்குத்தான் புள்ளிக்காரர் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தார். "பதினாலு மாசம் ஆச்சு" என்றார்.

தேநீர் கொண்டுவந்த தங்கை அப்படியே நின்றுவிட்டாள். "பதினாலு மாசமா நான் புதன்கிழமை புதன்கிழமை வந்து உக்காந்துட்டுப் போறேன். இவர் இங்க எப்படிக் கெடக்கறார்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி அழுதுட்டுப் போறேன். உனக்கு வாயத் திறக்கத் தோணலையாண்ணா?"

"தோணுச்சும்மா. தைரியம் வரல."

"மைக்குல பேச மட்டும் வந்துச்சு" என்று சொல்லி, டம்ளர்களை நங்கென்று வைத்தாள்.

"விடு" என்றார் மாப்பிள்ளை அவளிடம். பிறகு புள்ளிக்காரரைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு நீங்க சொன்னது வலிச்சது உண்மைதான் மச்சான். ஆனா அதுக்காக நான் விடல. என் வெட்டாலதான் தோத்துச்சுன்னு நெனச்சேன், அதனால விட்டேன். ஆறு மாசம் வீட்டுல உக்காந்து தேடினேன். நான் எழுதின ஒவ்வொரு வரியையும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன். தப்பு கெடைக்கல. எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலன்னு நெனச்சேனே தவிர, உங்க பக்கத்தத் திறந்துகூடப் பாக்கல. மச்சான் எழுதினதுல தப்பு இருக்காதுன்னு அவ்வளவு நிச்சயம்."

"எனக்கும் அதே நிச்சயந்தான் மாப்ள" என்றார் புள்ளிக்காரர். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினார், கையில் கழுவியும் போகாத கிரீஸ் இருந்தது, மணிக்கட்டால் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை மலரின் தாளை எடுத்து, அடித்த வரியையும் ஓரத்தில் எழுதியதையும் நிதானமாகப் படித்தார். "இது போகட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

"சனிக்கிழமை வர்றியா?" என்று கேட்டார் புள்ளிக்காரர். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"இல்ல மச்சான். கை விட்டுப்போச்சு. இப்பப் போய் உக்காந்தா ஒரு வரி எழுத வராது. ஒம்பது வருஷம் சின்னதா?" கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். "வீட்டுக்கு வாங்க, போங்க. அது வேற."

புள்ளிக்காரர் தலையை ஆட்டினார். தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். நோட்டுப் பக்கத்துக்காகக் கையை நீட்டினார். மாப்பிள்ளை அதைக் கொடுக்கவில்லை. இரண்டாக மடித்தார், மறுபடி நாலாக மடித்தார், தன் சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டார். பிறகு அந்தப் பையின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, தலை குனிந்தபடி அப்படியே நின்றிருந்தார்.